பிரித்து ஏற்றிச் செல்லும் ஸ்கேட்போர்டு லெட்ஜ்: இரண்டு பெட்டி, ஒரே ஆங்கிள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஸ்கேட்போர்டு ஓட்ட நல்ல தரைக்குக் குறைவில்லை. வழவழப்பாகப் பூசிய கதிரடிக் களம், கல்யாண மண்டபத்து முற்றம், பள்ளி மேடைக்கு முன்னால் உள்ள சிமென்ட் தளம் என்று தேடினால் கிடைக்கும். ஆனால் எந்தத் தளமும் ஆண்டு முழுக்கக் காலியாக இருக்காது. அறுவடை முடிந்தால் களத்தில் கேழ்வரகு காயும். மாசி, பங்குனியில் புளி காயும். முகூர்த்த நாளில் மண்டபத்து முற்றத்தில் கார் நிற்கும். லெட்ஜ் என்பது போர்டோடு தாவி ஏறி, விளிம்பில் சறுக்கிச் செல்லும் தாழ்வான மேடை. அதை நிரந்தரமாகக் கட்டினால் இந்த ஊர்களில் யாருக்காவது இடைஞ்சலாகத்தான் போகும். கொண்டுபோய் வைத்து, ஓட்டி முடித்ததும் இடத்தைக் கூட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வரக்கூடியதே இங்கே பயன்படும்.

இங்கே சொல்லும் லெட்ஜ் 1800 மி.மீ. நீளம் (ஏறக்குறைய 6 அடி), 400 மி.மீ. அகலம், தரையிலிருந்து 278 மி.மீ. (11 அங்குலம்) உயரம். ஆலி அடித்து (போர்டோடு துள்ளித் தாவி) ஓரளவு ஏறத் தெரிந்தவர்களுக்கு இந்த உயரம் சரி. இப்போதுதான் கற்றுக்கொள்பவர்கள் என்றால் 200 மி.மீ. போதும். அதற்குக் காலின் நீளத்தையும் முகப்பு, பின்பக்கப் பலகைகளின் உயரத்தையும் 78 மி.மீ. குறைக்க வேண்டும், மற்ற வெட்டு அளவுகள் மாறாது. அகலத்தை மட்டும் 400-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

எடுத்துச் செல்லும் லெட்ஜில் இரண்டு தேவைகள் ஒன்றோடொன்று மோதும். தூக்க லேசாக இருக்க வேண்டும், மோதும்போது நகரக் கூடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் சாதிக்க முயன்றால் இரண்டும் கெடும். பெட்டியை லேசாகச் செய்து, பாரத்தைத் தனியாகக் கொண்டுபோய், இடத்தில் வைத்த பிறகு அடியில் ஏற்றுவதுதான் வழி. கீழே உள்ள அளவுகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

முழுக்க மரத்தில் ஏன் செய்யக் கூடாது? ஓசூரில் இயந்திரங்கள் வந்திறங்கும் பேக்கிங் பெட்டிகளின் பைன் சட்டங்கள் பழைய மரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரே இடத்தில் கிடக்கும் பெட்டிக்கு அவை நல்ல பொருள். ஆனால் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி மாட்டினால் பைனில் துளை முட்டை வடிவமாகி, இணைப்பு ஆட ஆரம்பிக்கும். ஸ்க்ரூவும் பிடிப்பு இழக்கும். மாம்பலகையை நினைக்கவே வேண்டாம். வண்டு துளைக்கும், ஈரத்தில் உளுத்துப்போகும். சட்டகம் இரும்பிலும் மேல்மூடி பிளைவுட்டிலும் இருப்பதுதான் நிலைக்கும்.

வாங்க வேண்டியவை

25×25 மி.மீ., 2 மி.மீ. தடிமன் ஸ்கொயர் பைப், 20 அடி நீளத்தில் மூன்று. மொத்தம் தேவைப்படுவது 15 மீட்டர்தான், மூன்றாவது பைப்பில் இரண்டரை மீட்டருக்கு மேல் மிஞ்சும். மீட்டருக்கு ஏறக்குறைய 1.44 கிலோ. கடையில் எடை போட்டுத்தான் தருவார்கள் என்பதால் ஒரு நீளம் 8.7 கிலோவுக்கு வெகுவாகக் குறைந்தால் தடிமன் 2 மி.மீ. இல்லை என்று உடனே தெரிந்துவிடும். 1.2 மி.மீ. பைப்பைக் கொடுத்து “இதுவே போதும்” என்பார்கள். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அது போதும். சக்கரமும் ஆளும் சேர்ந்து விழும் இடத்தில் அது நசுங்கும், வெல்டிங்கில் ஓட்டையும் விழும். ஜிஐ பைப்பும் வேண்டாம். பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் குமட்டலையும் கொடுக்கும்.

லெட்ஜின் விளிம்பாக வரும் எல் வடிவ இரும்பு, அதாவது 40×40×6 மி.மீ. ஆங்கிள், 1800 மி.மீ. நீளத்தில் ஒன்று. இதன் எடை 6.3 கிலோ. 5 மி.மீ. தடிமனில் வாங்காமல் 6 மி.மீ. கேட்பதற்குக் காரணம், மேலே ஒட்டிவரும் பிளைவுட்டும் 6 மி.மீ. என்பதுதான். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஆங்கிளைத் தேர்ந்தெடுப்பதில் நேரம் செலவழியுங்கள். கட்டாக வந்து இறங்கும்போதே பாதி வளைந்திருக்கும். ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பார்த்தால் வளைவு தெரியும். சமதரையில் போட்டு ஒரு மூலையை அழுத்தினால் முறுக்கு தெரியும். வளைவை ஓரளவு தட்டிச் சரிசெய்யலாம், முறுக்கை முடியாது. முறுக்கிய துண்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பிளைவுட்டில் 12 மி.மீ. ஒரு பலகையில் பாதி, 6 மி.மீ. ஒரு பலகை. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ரகமாக இருக்கட்டும். மேலே தண்ணீர் படாது என்று நினைத்து சாதாரண எம்ஆர் ரகம் வாங்கினால், ஐப்பசியில் ஒரு நாள் ஈரத் தரையில் வைத்தாலே அடிப்பக்க ஓரம் உப்பி அடுக்கடுக்காகப் பிரியும். கட்டடங்களில் கான்கிரீட் போடப் பயன்படுத்தும் பழுப்பு நிற ஷட்டரிங் பிளை 12 மி.மீ. நல்ல நிலையில் கிடைத்தால் கீழ் அடுக்குக்கு அதையே போடலாம்.

இவை போக: எம்10×70 போல்ட் 4, எம்8×60 போல்ட் 4, இவற்றுக்கு நைலான் வளையமுள்ள நைலாக் நட்டும் அகல வாஷரும், 12 மி.மீ. கம்பி ஒரு சாண், லேத் பட்டறையில் கடைந்து வாங்கும் புஷ் என்னும் குழல் துண்டு 8 (வெளி விட்டம் 16, உள் விட்டம் 10.5, நீளம் 25 மி.மீ.), எம்6 கௌண்டர்சங்க் (தலை அமிழும்) ஸ்க்ரூவும் நட்டும் 8, கௌண்டர்சங்க் தலையுள்ள செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ 32 மி.மீ. ஒரு பெட்டி, 4×16 மர ஸ்க்ரூ ஒரு பெட்டி. ரப்பர் பாதத்துக்கு ஜல்லி கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு, 10 மி.மீ. தடிமனில்.

சட்டகம்

ஒவ்வொரு பெட்டியும் 900 மி.மீ. நீளம், 388 மி.மீ. அகலம், 250 மி.மீ. உயரம், இரும்பின் வெளி அளவில். ஒரு பெட்டிக்கு நீளச் சட்டம் 900-இல் நான்கு, குறுக்குச் சட்டம் 338-இல் எட்டு, கால் 200-இல் ஆறு. மேலே குறுக்குச் சட்டம் ஐந்து வரும். பெட்டியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று, இடையில் மூன்று. பக்கத்துப் பக்கம் மையங்களுக்கு இடையே சுமார் 220 மி.மீ. இருக்கும். கீழே மூன்று போதும், முனைகளிலும் நடுவிலும். கால்கள் நான்கு மூலைகளிலும், இரு நீளப் பக்கங்களின் நடுவிலும்.

வெட்டும்போது 900-இல் ஆறும் 338-இல் ஒன்றும் 200-இல் ஒன்றும் முதல் பைப்பில் எடுங்கள். மீதி இரண்டு 900-ம் பன்னிரண்டு 338-ம் இரண்டாவதில் அடங்கும். மிச்சம் மூன்றாவதில். கட்டிங் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் 2 முதல் 3 மி.மீ. தின்னும் என்பதால் எல்லாக் கோடுகளையும் முன்கூட்டியே போட்டு வைக்காமல், ஒன்றை வெட்டியபின் அடுத்ததை அளக்க வேண்டும். ஒரே அளவுள்ள துண்டுகளைச் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். காலில் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் பெட்டி ஆடும்.

வெல்டிங்குக்கு 2.5 மி.மீ. ராடு, 60 முதல் 80 ஆம்பியர். முதலில் மேல் செவ்வகம், கீழ் செவ்வகம் இரண்டையும் தனித்தனியே பொட்டு வைத்து (ஓரிரு புள்ளியில் மட்டும் பற்றவைத்து) மூலைவிட்டம் அளங்கள். 900×388-க்கு 980 மி.மீ. வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் 1 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் மேலே போகலாம். பிறகு கால்களை நிறுத்தி, முனைச் சட்டத்தின் மூலைவிட்டம் 461.5 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். முழுப் பெட்டியும் பொட்டில் நின்ற பிறகே முழு வெல்டிங். ஒரு மூலையில் வைத்தால் அடுத்தது எதிர் மூலையில். ஒரே பக்கமாகத் தொடர்ந்து வைத்துக்கொண்டே போனால் சூட்டில் இழுத்து, பெட்டி திருகிக்கொள்ளும்.

மட்டம் பார்க்க கிருஷ்ணகிரியில் ஒரு வசதி உண்டு. மாவட்டம் முழுக்க கிரானைட் பாலிஷ் போடும் இடங்கள். பாலிஷ் போட்ட கல்லைவிட மட்டமான பரப்பு சாதாரணப் பட்டறையில் கிடைக்காது. பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் எங்கே இடைவெளி இருக்கிறது என்று ஒரு தாளை நுழைத்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் வெல்டிங்கைக் கல்லின்மேல் வைத்துச் செய்யக் கூடாது. தீப்பொறி பாலிஷில் ஒட்டிக்கொள்ளும், ஒரே இடத்தில் ஏறும் சூடு கல்லை விரிசல் விடச் செய்யும். பொட்டு வைப்பதும் பற்றவைப்பதும் இரும்பு மேசையில், சோதனை மட்டும் கல்லில்.

இரண்டு பெட்டிகள் சேரும் இடம்

இதுவரை சொன்னதை எந்த கேட் பட்டறையும் செய்து தந்துவிடும். லெட்ஜ் நன்றாக ஓடுமா, ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது நடு இணைப்புதான்.

நடுவில் ஆங்கிளும் துண்டாகி, இரண்டு துண்டுகளின் முனைகளும் அரை மி.மீ. ஏறி இறங்கி நின்றால், கிரைண்ட் செய்து, அதாவது விளிம்பில் சறுக்கிக்கொண்டு வரும் டிரக் (போர்டின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சுப் பகுதி) அங்கே முட்டும். போர்டு நிற்கும், ஆள் நிற்கமாட்டார். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பத்துப் பதினைந்து முறை கழற்றி மாட்டிய பிறகு அந்த அரை மி.மீ. வந்தே தீரும். அதனால்தான் பெட்டி இரண்டாகவும் ஆங்கிள் ஒன்றாகவும் இருக்க வேண்டும் என்கிறோம். 1800 மி.மீ. ஆங்கிளைத் தனியாக எடுத்துச் செல்வது சிரமமில்லை. சக்கரம் பெட்டியின் மேல்பரப்பில் நடு இணைப்பைத் தாண்டும்போது 1 மி.மீ. இடைவெளி இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. விளிம்பில் மட்டுமே தொடர்ச்சி அவசியம்.

சேரும் இரண்டு முகங்களிலும் வெல்டிங் மேடுகளை கிரைண்டரில் வழித்துத் தட்டையாக்குங்கள். இரண்டு சட்டகங்களையும் பாலிஷ் கல்மேல் தலைகீழாக வைத்து, மேல்பக்கம் கல்லோடு ஒட்டியிருக்கும்படி சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இந்த நிலையிலேயே இரண்டிலும் சேர்த்துத் துளையிட வேண்டும். தனித்தனியே அளந்து போட்ட துளைகள் ஒருபோதும் சேராது. மேல் குறுக்குச் சட்டத்தில் இரண்டு, கீழ் குறுக்குச் சட்டத்தில் இரண்டு, ஒவ்வொன்றும் முனையிலிருந்து 60 மி.மீ. உள்ளே. முதலில் 6 மி.மீ., பிறகு 10.5. கிளாம்ப்பைக் கழற்றிய பிறகு அந்தத் துளைகளை 16-ஆக விரித்து, புஷ்ஷை நுழைத்து, இரண்டையும் மறுபடி போல்ட்டில் கோத்து இறுக்கிய நிலையில் புஷ்ஷுக்குப் பொட்டு வையுங்கள். புஷ் இல்லாமல் வெறும் 2 மி.மீ. பைப்பை எம்10 போல்ட்டில் இறுக்கினால் பைப் சுவர் உள்ளே குழியும். குழிந்த பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் நிற்காது.

போல்ட் இறுக்க மட்டுமே. இடத்தில் நிறுத்துவது கம்பி முளையின் வேலை. கிளாம்ப் இருக்கும்போதே நடு உயரத்தில் முனைக் கால்கள் இரண்டிலும் 12 மி.மீ. துளை போட்டு, ஒரு பெட்டியில் 12 மி.மீ. கம்பித் துண்டைச் செருகிப் பின்புறம் பற்றவையுங்கள். 20 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், நுனியைக் கூராக்குங்கள். மறு பெட்டியின் துளையை மட்டும் 12.5-க்குத் திறந்துவிடுங்கள். இப்போது பெட்டிகளை நெருக்கினாலே சரியான இடத்தில் உட்காரும். போல்ட் துளை தேடி யாரும் இருட்டில் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

விளிம்பு

பெட்டியின் மேல் முதலில் 12 மி.மீ. பிளை, 900×388. இரும்போடு விளிம்பு சமமாக நிற்கும்படி வைத்து, செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் எல்லாச் சட்டங்களிலும் பிடிக்கவும். தலைகள் பலகைக்குள் அமிழ வேண்டும்.

ஆங்கிளின் ஒரு கை இந்தப் பலகையின் மேல் படுக்கும். மறு கை பெட்டியின் முகப்பில் தொங்கும். பலரும் தவறவிடும் இடம் இதுதான்: ஆங்கிளின் உள்மூலை கூர்மையான மூலை இல்லை. உருட்டாலையிலிருந்து வரும்போதே அங்கே ஐந்தாறு மி.மீ. வளைவு இருக்கும். பலகையின் விளிம்பைச் சதுரமாகவே விட்டால் ஆங்கிள் அந்த வளைவில் ஏறி நின்று, இரண்டு கைகளும் எதிலும் படியாமல் தொங்கும். ஒவ்வொரு மோதலிலும் டங்கென்று ஒலிக்கும், நட்டு தளரும். பலகையின் விளிம்பை இழைப்புளியால் 6 மி.மீ. சாய்வாக இழைத்துவிட்டால் ஆங்கிள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஆங்கிளை மேலிருந்து துளைத்து ஸ்க்ரூ போட வேண்டாம். எவ்வளவு அமிழ்த்தினாலும் துளையின் ஓரம் அலுமினிய டிரக்கைச் சுரண்டும். அதற்குப் பதில் எம்8 போல்ட்டின் தலையை வெட்டிவிட்டு, அந்தத் தண்டை ஆங்கிளின் உள்பக்கம் பற்றவைக்க வேண்டும். தொங்கும் கையின் உள்முகத்திலிருந்து 12.5 மி.மீ. தள்ளி, நீளத்தில் 150, 750, 1050, 1650 மி.மீ. புள்ளிகளில். இந்த இடங்களில் கீழே பைப் மட்டும்தான் இருக்கும், குறுக்குச் சட்டம் குறுக்கே வராது. வெல்டிங்கைச் சிறிது சிறிதாக, ஒரு தண்டில் கொஞ்சம் வைத்து ஆறவிட்டு அடுத்த தண்டுக்குப் போங்கள். ஒரே மூச்சில் நான்கையும் முடித்தால் ஆங்கிள் வில்லாக வளையும். தண்டு சாயாமல் நிற்க மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே முழுப் பற்று.

தண்டு இறங்கும் துளை, பலகையிலும் பைப்பின் இரு சுவர்களிலும் 9 மி.மீ. ஒரு பெட்டியில் வட்டமாகவே இருக்கட்டும். மற்றப் பெட்டியில் அரத்தால் நீளவாக்கில் 12 மி.மீ.க்கு நீட்டுங்கள். இதற்குக் காரணம் வெயில். காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையில் ஆங்கிளின் சூடு 30 டிகிரி ஏறினால் 1800 மி.மீ. நீளம் சுமார் 0.65 மி.மீ. விரியும். நான்கு துளையும் இறுக்கமாக இருந்தால் காலையில் மாட்டிய ஆங்கிள் மதியம் கழற்ற வராது. கீழிருந்து அகல வாஷரும் நைலாக் நட்டும் போட்டு 13 ஸ்பேனரில் இறுக்கவும்.

இனி 6 மி.மீ. மேல்பலகை, 900×360, ஆங்கிளின் கை முடியும் இடத்திலிருந்து பின்விளிம்பு வரை. இதைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம். 4×16 ஸ்க்ரூ 150 மி.மீ.க்கு ஒன்று போதும். தேயும் பாகம் இதுதான், தேய்ந்தால் கழற்றி வேறு போட வேண்டும். ஆங்கிள் பலகையைவிட அரை மி.மீ. உயர்ந்து நின்றால் நல்லது. பலகை உயர்ந்து ஆங்கிள் தாழ்ந்தால்தான் கெடுதல்: சறுக்கி வரும் போர்டு பலகையின் ஓரத்தைச் சீவி எடுக்கும். அப்படி வந்தால் உப்புத்தாளால் அந்த ஓரத்தை மட்டும் தேய்த்து இறக்குங்கள்.

முகப்பில் ஆங்கிளுக்குக் கீழே 225 மி.மீ. உயரத்தில் 6 மி.மீ. பிளை. இதனால் முகப்பு முழுக்க ஒரே சமமாகிவிடும். பின்பக்கப் பலகையை மட்டும் எம்6 ஸ்க்ரூ நான்கில் கழற்றக்கூடியதாக விடுங்கள். நட்டுகளைப் பைப்பின் உள்முகத்தில் பற்றவைத்துவிட்டால் ஸ்க்ரூடிரைவர் மட்டும் போதும். கைவிட்டு போல்ட் இறுக்குவதும் கல் ஏற்றுவதும் இந்த வழியாகத்தான்.

ஆங்கிளை அப்படியே ஓட்டாதீர்கள். கடையிலிருந்து வரும் இரும்பின்மேல் கருநீலமாக ஒரு தோல் இருக்கும், அது சொரசொரப்பானது. கிரைண்டரில் 60 நம்பர் ஃப்ளாப் டிஸ்க், பிறகு 120. வெளிமூலையை 2 முதல் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டவும். அதற்கு மேல் உருட்டினால் டிரக் பிடிமானம் இல்லாமல் வழுக்கும், அதைவிடக் குறைவாக உருட்டினால் போர்டின் அடியை வெட்டும். இரண்டு முனைகளையும் 5, 6 மி.மீ.க்கு நன்றாக மழுக்க வேண்டும். தாவல் குறைந்தால் கணைக்கால் எலும்பு மோதும் இடம் அது. ஆங்கிளின் வெளிமுகங்களில் பெயின்ட் கூடாது. பெயின்ட் இளகி ஒட்டும், ஓட்டம் தடைபடும். மற்ற இரும்புக்கெல்லாம் ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை. பிளைவுட்டின் வெட்டு ஓரங்களில்தான் தண்ணீர் ஏறும், அங்கே மட்டும் வுட் பிரைமரை மூன்று முறை ஊறவிடுங்கள்.

பாரம்

ஒரு பெட்டி எல்லாம் சேர்ந்து 18 கிலோ அளவில் நிற்கும். இரண்டும் ஆங்கிளும் சேர்ந்தால் 42 கிலோ. தூக்க வசதி, ஓட்ட வசதியில்லை. 278 மி.மீ. உயரத்தில் பக்கவாட்டில் சுமார் 30 கிலோ விசை கொடுத்தாலே இந்தப் பெட்டி கவிழ ஆரம்பிக்கும். அகலத்தைக் குறைக்கக் கூடாது என்றது இதனால்தான். 400-ஐ 300 ஆக்கினால் கவிழ்க்கும் விசை 23 கிலோவுக்கு இறங்கிவிடும். ரப்பர் பாதத்தோடு சிமென்ட் தரையில் சறுக்க ஆரம்பிப்பதும் அதே 25 கிலோ அளவில்தான்.

கிருஷ்ணகிரியில் யாரிடம் லெட்ஜ் என்று சொன்னாலும் மேல்பரப்புக்கு கிரானைட் போடலாமே என்பார்கள். நகரத் தெருக்களில் ஸ்கேட்போர்டு ஓட்டுபவர்கள் தேடிப்போவதே கிரானைட், பளிங்கு விளிம்புகளைத்தான். வழுக்கும், தேயாது. தரையோடு கட்டிய லெட்ஜுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் பிரித்து ஏற்றும் பெட்டியில் கல் மேலே இருந்தால் எடை மேலே ஏறுகிறது, வண்டியில் ஒரு குலுக்கலுக்கு மூலை தெறிக்கிறது, அடியில் முழுக்கத் தாங்கல் இல்லாத இடத்தில் ஆள் வந்து விழுந்தால் உடைகிறது. உடைந்த கிரானைட்டின் ஓரம் கத்தியைப் போல் வெட்டும். கல் இந்த வேலைக்குச் சரியான பொருள்தான், அதன் இடம் பெட்டியின் அடி.

பாலிஷ் இடங்களில் ஓரத்தில் குவிந்து கிடக்கும் 20 மி.மீ. வெட்டுத் துண்டுகளில் 400×370 மி.மீ. அளவுக்கு எட்டுத் துண்டு அறுத்து வாங்குங்கள். பாரடைசோ போன்ற சிவப்பு, சாம்பல் ரகங்களில் ஒரு துண்டு 8 கிலோ வரும். கறுப்புக் கல் அடர்த்தி அதிகம், அதில் 9 கிலோவுக்குப் பக்கம். 400 மி.மீ. பக்கம் இரண்டு கால்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் நுழையும், 370 மி.மீ. பக்கம் முன், பின் நீளச் சட்டங்களின்மேல் உட்காரும். ஒரு பெட்டியில் இரண்டு அறை, ஒவ்வொரு அறையிலும் இரண்டு கல். சட்டத்தின்மேல் பழைய டியூப் ரப்பரை ஒட்டிவிட்டால் கடகடக்காது. கல்லின் நான்கு ஓரங்களையும் அங்கேயே மழுக்கித் தரச் சொல்லுங்கள், கையில் எடுப்பது நாம்தான்.

எட்டுக் கல்லும் 64 கிலோ. மொத்தம் 106 கிலோவாகிறது. கவிழ்க்க 76 கிலோ விசை வேண்டும், நகர்த்த 60-க்கு மேல். சாதாரணமாக ஓட்டும் யாரும் இதை அசைக்க மாட்டார்கள். ஆனாலும் ஒருவர் ஒரே நேரத்தில் தூக்க வேண்டிய அதிகபட்சம் 18 கிலோதான். எம்-சாண்ட் நிரப்பிய மூட்டையும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் சிமென்ட் சாக்கு வெயிலில் நைந்து மணல் கசிந்தால் சக்கரத்தின் பேரிங் போய்விடும். கல் கசியாது.

ரப்பர் பாதம் 80×80 மி.மீ., ஒரு பெட்டிக்கு நான்கு மூலைகளிலும். பெல்ட்டில் ஒரு முகம் ரப்பர் தடித்தும் மறுமுகம் மெலிந்தும் இருக்கும், தடித்த முகம் தரையைப் பார்க்க வேண்டும். ஃபெவிகால் எஸ்ஆர் 998 இரண்டு முகத்திலும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு அழுத்துங்கள். கூடவே தலை அமிழ்ந்த ஸ்க்ரூ ஒன்று. தலை வெளியே நீட்டினால் ரப்பருக்குப் பதில் இரும்பு தரையில் உட்கார்ந்து, பாதம் போட்டதே வீணாகும்.

இடத்தில் வைப்பது

ஏற்றிச் செல்ல டாடா ஏஸ் அல்லது ஆட்டோ. கற்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, இடையில் சாக்கு வைத்து அடுக்குங்கள். குண்டுச் சாலையில் படுத்த கல்தான் உடையும். ஆங்கிள் வண்டிக்கு வெளியே நீட்டினால் நுனியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும்.

இறக்கியதும் பெட்டிகளை நெருக்கி, கம்பி முளை துளையில் உட்கார்ந்ததும் எம்10 போல்ட்டை விரலால் மட்டும் முடுக்குங்கள். ஆங்கிளை இறக்கி அதன் நட்டுகளையும் விரலால் முடுக்கிவிட்டு, பிறகு முதலில் எம்10, கடைசியில் எம்8 என்று ஸ்பேனர் போடவும். வரிசை மாறி ஆங்கிளை முதலில் இறுக்கினால் பெட்டிகள் நெருங்க வழியில்லாமல் நடுவில் இடைவெளி நின்றுவிடும். கல் கடைசியில்தான் ஏற வேண்டும், கல் ஏறிய பிறகு பெட்டியை இழுத்து நகர்த்தினால் ரப்பர் பாதம் உரியும்.

களத்துக்கு எப்போதும் ஒரு பக்கம் வாட்டம் இருக்கும், மழைநீர் ஓட விட்டது. லெட்ஜின் நீளம் வாட்டத்தின் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஆங்கிள் மேட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் பார்த்தால் மேல்பரப்பு ஓட்டுபவரை நோக்கிச் சாயும், போர்டு விளிம்பை விட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும். நான்கு மூலையையும் மாறி மாறி மிதித்துப் பார்த்து, ஆடும் மூலைக்கு ரப்பர் துண்டு கொடுங்கள். முன்னால் 8 முதல் 10 மீட்டர், பின்னால் குறைந்தது 5 மீட்டர் காலியாக வேண்டும். தலைக்கவசம் எல்லோருக்கும், கற்றுக்கொடுப்பவருக்கும்தான். களத்து ஓரம் உயரமான வரப்போ கல்தூணோ இருந்தால் லெட்ஜ் அதை நோக்கிப் போகக் கூடாது.

மெழுகுக்குச் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தியே போதும், அது பாரஃபின்தான். ஆங்கிளின் மேல்முகத்திலும் வெளிமுகத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய பூச்சு. புதுப் போர்டில் ஆரம்பிப்பவர்கள் கட்டிகட்டியாகத் தேய்ப்பார்கள். அதிகமானால் காலுக்கடியிலிருந்து போர்டு முன்னால் பாய்ந்துவிடும். மதிய வெயிலில் இரும்பு தொடமுடியாத சூட்டில் இருக்கும்போது மெழுகு பூசினால் உருகி மேல்பலகைக்கு ஓடி, சக்கரம் வழுக்கும். சாயங்காலம் இரும்பு ஆறியபின் பூசுங்கள்.

ஓட்ட ஓட்ட டிரக்கின் அலுமினியத் தூளும் மெழுகும் மண்ணும் சேர்ந்து விளிம்பில் கருஞ்சாம்பல் பிசுக்காகப் படியும். அது சேரச் சேர ஓட்டம் மந்தமாகும். மேலும் மெழுகு பூசுவது அதற்கு மருந்தில்லை. பழைய இரும்பு ஸ்கேலால் சுரண்டி, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு புதிதாகப் பூச வேண்டும். ஆங்கிளில் துரு தட்டாமல் இருக்க எண்ணெய் தடவி வைக்காதீர்கள். அடுத்த முறை சக்கரத்தில் ஏறும். மழைக்காலத்தில் கழற்றி வைக்கும் முன் மெழுகையே கொஞ்சம் தடிப்பாகப் பூசினால் துருவும் வராது. பெட்டிகளைத் தரையில் படாமல் இரண்டு செங்கல் உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கரையான் முதலில் பிடிப்பது 6 மி.மீ. பலகையின் அடி ஓரத்தைத்தான்.

நைலாக் நட்டின் நைலான் வளையம் பலமுறை கழற்றினால் பிடிப்பை இழக்கும். விரலாலேயே கடைசி வரை சுழற்ற முடிகிறது என்றால் மாற்றிவிடுங்கள். ஆங்கிளின் மூலை ஒரு பக்கம் தேய்ந்து அலை அலையானால் முழு ஆங்கிளையும் தூக்கிப்போட வேண்டாம், 60 நம்பர் டிஸ்க்கில் ஒரே நீளமாக இழுத்து மறுபடி சமமாக்கலாம். 6 மி.மீ.யில் ஒரு மி.மீ. போனாலும் வலு போதும். அப்போது மேல்பலகை உயர்ந்து நிற்கும் என்பதால், ஆங்கிளுக்கு அடியில் 12 மி.மீ. பலகையின்மேல் அந்தக் குறைந்த அளவுக்குத் தகரப் பட்டை ஒன்றைக் கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.